வட்டத்துக்குள் கருவாடு

"உனக்கு வேற வேலையே இல்லையா? ஈப்போ ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பில்லு போடுறவ, லீவுக்கு மலையேறி வந்து என் வாயக் கிண்டுற. கணக்குக்கு மேல ஒருத்தன் காசு கட்டிட்டா ஒங்க கடையில என்னா செய்வீங்கன்னு கேக்குற. என்னா செய்வோம்? தின்னுருவோம்லா. போ, போய் ஒன் வேலையப் பாரு."

இப்படித்தான் பேத்தியைத் திட்டினேன். அவள் போகவில்லை. அவளுடைய கம்ப்யூட்டரில் யாராவது கூடுதலாகக் கட்டினால் அந்தக் காசு தானாகவே அவர்கள் பேருக்கு நேரே போய் நிற்குமாம். அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளுமாம். வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பிவிடலாமாம். பேருக்கு நேரே என்றாளே, அந்த இடத்தில்தான் நான் திட்டுவதை நிறுத்தினேன். யார் பேருக்கு நேரே? அதைக் கேட்டால் அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

எங்கள் கடை ரிங்லெட்டிலிருந்து இரண்டு மைல் மேலே, தேயிலை ஃபேக்டரிக்குக் கீழே இருந்தது. எழுபதுகளில் அந்தத் தோட்டத்துக்கே அது ஒன்றுதான் மளிகைக் கடை. என் வீட்டுக்காரர் புதன்கிழமைதோறும் சாமான் எடுக்க லோரியில் தாப்பா டவுனுக்கு இறங்கிவிடுவார். கல்லாவில் நான்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் பெஞ்சைத் தேய்த்தவள் நான். எழுத்து எனக்குக் கோணலாக வரும், எண் மட்டும் நேராக வரும். அதனால் பேனா என் கையில் இருந்தது. வீட்டுக்காரர் என்னிடம் வைத்திருந்த மரியாதை முழுவதும் அந்தப் பேனாவுக்குத்தான். என்னை அடிக்க ஓங்கிய கையைக்கூட அந்தப் பேனாவைப் பார்த்துத்தான் இறக்குவார்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு புத்தகம். பெரியது கடையில் இருக்கும், சின்னது அவர்கள் வீட்டில் இருக்கும். கொழுந்து எடுப்பவள் மனைவி, சாமான் வாங்குபவள் மனைவி, சம்பள நாளில் காசைக் கொண்டுவந்து கொட்டுபவளும் அவள்தான். ஆனால் புத்தகத்தின் மேலே எழுதுகிற பேர் புருஷனுடையது. ஏன் என்று எவளும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

யாராவது பில்லுக்கு மேலே கொடுத்துவிட்டால், சில்லறை இல்லாமலோ எண்ணத் தெரியாமலோ, பெரிய புத்தகத்தில் அந்தப் பேருக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் மிச்சத்தை எழுதுவேன். காசாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. "உள்ள வந்த காசு உள்ளதான். வெளிய போறதா இருந்தா சாமானாப் போவட்டும்" என்பார் வீட்டுக்காரர். அதனால் வட்டம் விழுந்த பெண்கள் அடுத்த நாளே ஒரு பால் டின்னோ சோப்புக் கட்டியோ வாங்கி அதை அழித்துவிடுவார்கள். எங்களை நம்பி ஐம்பது காசைக்கூட ஒரு வாரம் விட்டுவைக்க மாட்டார்கள். கெட்டிக்காரிகள்.

ஒருத்தி மட்டும் விட்டுவைத்தாள்.

மூன்றாவது லயத்துக்காரி. ஒல்லி, நல்ல உயரம். கூடையை முதுகில் மாட்டினால் கூடைதான் நடந்து வருவதுபோல் இருக்கும். அவள் புருஷன் ஃபேக்டரியில் பெட்டி தூக்குபவன். சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் நின்று, சம்பளம் எண்ணித் தரும் கிராணி அவள் கையில் வைத்த காசை அவள் விரல் மடங்குவதற்குள் வாங்கிக்கொள்வான். மீதியெல்லாம் சம்சு சாராயத்துக்குப் போகும். கடை பில்லுக்கு மட்டும் பயப்படுவான். பில் கட்டாவிட்டால் நான் சிகரெட் கொடுக்க மாட்டேன். சின்னப் புத்தகத்தில் கடைசியில் என்ன எழுதியிருக்கிறதோ, அதை எண்ணி அவள் கையில் கொடுத்து அனுப்புவான். வாங்கின சாமானை வரிவரியாக விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பான். நாலாவது வரை படித்தவனாம், அந்தத் திமிர் வேறு.

ஒரு மாசம், சம்பளத்துக்கு முந்தின நாள் அவள் சின்னப் புத்தகத்தோடு வந்தாள். பில் பணம் நாற்பத்தொரு வெள்ளி வந்திருந்தது.

"அக்கா, நாப்பத்தாறுன்னு எழுதுங்க."

"ஏன்டி, நான் என்னா கொள்ளைக்காரியா?"

"அவரு நாப்பத்தாறு குடுப்பாரு. நான் அப்படியே கொண்டாந்து உங்ககிட்ட கட்டுறேன். அஞ்ச வட்டத்துல போட்டு வையுங்க. நான் கேக்குறப்ப குடுங்க."

அவளை மேலும் கீழும் பார்த்தேன். அத்தனை வருஷம் கடை வைத்திருந்த எனக்கு அந்த வழி தோன்றியதில்லை. புருஷன் கையாலேயே காசைக் கொடுக்க வைத்து, அவன் கண் முன்னாலேயே ஒளித்து வைப்பது! "அடியே, நீ துரையாப் பொறந்திருக்கணும்லா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஐந்து வெள்ளிக்குச் சின்னப் புத்தகத்தில் என்ன சாமான் எழுதுவது? அதுதான் கேள்வி. அரிசி என்றால் அவன் பானையைப் பார்ப்பான். பால் என்றால் வெறும் டின் எங்கே என்பான். சோப்பு என்றால் உறை இருக்க வேண்டும். எனக்கு ஒரு யோசனை வந்தது. கருவாடு. தின்றால் தீர்ந்தது, மிஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு எழுதினேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். லயத்தில் பத்து வீடும் ஒரே வரிசை, ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் பத்து வீட்டுக்கும் தெரியும். சுவருக்கு மேலே கூரை வரை திறப்பு. ஒருத்தி வெங்காயம் உரித்தால் அடுத்தவள் கண்ணைத் துடைப்பாள். நான் கருவாட்டு மூட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து மூக்கு செத்துப்போனவள். எனக்கு அது உறைக்கவில்லை.

மூன்றாவது மாசம் அவன் மோப்பம் பிடித்துவிட்டான். மாசம் ஐந்து வெள்ளிக்குக் கருவாடு வாங்குகிறாள், ஒரு நாளும் வாடை வரவில்லையே என்று கேட்டிருக்கிறான். அவள் என்ன செய்வாள்? சுடாமல் வெயிலில் போட்டிருந்தேன், பூனை தூக்கிப்போய்விட்டது என்றிருக்கிறாள். மறுநாள் அவன் பக்கத்து வீட்டுப் பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டி, ரிங்லெட் அணையில் எறிந்துவிட்டு வந்தான்.

அவள் இதைச் சொன்னபோது கண்ணில் தண்ணீர் நின்றது. நான் கல்லாப் பெட்டி மேல் கவிழ்ந்து சிரித்தேன். இல்லாத கருவாட்டைத் தின்றதற்கு ஒரு பூனை செத்துப்போயிற்று! என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல வேடிக்கை எனக்கு அமைந்ததில்லை. ஆனால் யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் அவள் காசு போய்விடும். அது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று சொன்னால் புரியாது. அரிப்பு இருக்கிறது, கை கட்டியிருக்கிறது.

"அக்கா, இனிமே சீனின்னு எழுதுங்களேன்" என்று கெஞ்சினாள்.

"சீனின்னா எறும்பக் கொல்லுவான்லா. கருவாடே இருக்கட்டும்" என்றேன்.

மாற்றி எழுதியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே. எனக்கு அந்த வேடிக்கையை விட மனசில்லை. அவள் கடை வாசலில் தலைகாட்டினால் போதும், "கருவாட்டுக்காரி வர்றா, வழி விடுங்க" என்று கத்துவேன். உள்ளே இருக்கிற பெண்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு உள்விஷயம் தெரியாது. புருஷனுக்கு வெறும் ரசத்தை ஊற்றிவிட்டு, மலைமேல் கொழுந்துக் காட்டில் ஒளிந்து உட்கார்ந்து கருவாடு தின்கிறவள் என்று பேசிக்கொண்டார்கள். தோட்டம் முழுக்க அவளுக்கு அதுவே பேராகிவிட்டது. அவனும் அப்படியே நம்பி, சம்பளத்துக்குச் சம்பளம் அடித்தான். தின்னாத மீனுக்கு அவள் அடி வாங்கினாள். மறுநாள் வந்து, வட்டத்தைக் காட்டச் சொல்வாள். நான் பெரிய புத்தகத்தைத் திருப்பிக் காட்டுவேன். பத்து, முப்பத்தைந்து, எண்பது. விரலால் அந்த வட்டத்தை ஒரு தடவை சுற்றிவிட்டுப் போவாள்.

ஐந்து வருஷம் ஆயிற்று. எண்பதாம் வருஷம் பிறந்துவிட்டது. வட்டத்துக்குள் முந்நூறு வந்து நின்றது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தாள். முகம் வேறுமாதிரி இருந்தது.

"அக்கா, திரிங்காப்புல ஒரு சீன மொதலாளித் தவுக்கே தோட்டம் இருக்குல்ல. அதுல சரிவுல வெட்டுன மூணு படி மண்ண எனக்கு வாடகைக்குத் தர்றாராம். பூ போடலாம். லோரிக்காரன் வாசல்ல வந்து எடுத்துக்குவான். முந்நூறு முன்பணம். வியாழக்கிழமைக்குள்ள குடுக்கலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாராம். அங்கயே வேலக்காரங்க தங்குற கொங்சி இருக்கு. நானும் மகளும் படுத்துக்குவோம்."

"ஒம் புருஷன்?"

"அவரு இங்கயே இருக்கட்டும். இனிமே வீட்ல கருவாடு திருட்டுப் போவாது."

நான் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. ஐந்து வருஷமாக நான் ஓட்டிய வேடிக்கை. அதைவிட நல்லதாக ஒன்றை, சிரிக்கவே தெரியாதவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

கல்லாவில் காசு இருந்தது. சம்பளம் போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. எண்ணிக் கொடுத்திருக்கலாம். "எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாம எடுக்கணும். புதன்கிழம அவரு தாப்பாவுக்கு எறங்கட்டும், வா" என்றேன். பாதி உண்மை. வீட்டுக்காரர் பின்கட்டில் தூங்கிக்கொண்டிருந்தார், எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகும். மீதிப் பாதி என்னவென்றால், அவள் அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் மூன்று நாள் நிற்கட்டுமே என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்த நேரம், கடை நிறைய ஆள். அவள் புருஷன் சிகரெட்டுக்கு வந்தான். நல்ல குஷியில் இருந்தான்.

"என்னா கடக்காரம்மா! அஞ்சு வருசமா எம் பொண்டாட்டிக்குக் கருவாடு விக்கிறீங்க. அதுல ஒரு தலையாவது என் தட்டுல விழுந்திருக்கா? மீன் விக்கிறீங்களா, மீன் பேர விக்கிறீங்களா?"

கடை கொல்லென்று சிரித்தது. என் கடை. என் ஆட்கள். நான் சொல்லி அவர்கள் சிரிப்பார்கள், அதுதான் வழக்கம். அன்றைக்கு இவன் சொல்லி, என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன், "கடக்காரம்மாவே தின்னுட்டாங்கலா" என்றான். இன்னொரு சிரிப்பு.

எனக்குக் கண் தெரியவில்லை. வாய் திறந்துகொண்டது.

"தல இருந்தாத்தானேடா விழும்? ஒம் பொண்டாட்டி கருவாடெல்லாம் என் கல்லாவுல குட்டி போட்டுக்கிட்டு இருக்கு. முந்நூறு உருப்படி. நீ அநியாயமா அந்தப் பூனையக் கொன்னுட்டியே, பாவி!"

ஐந்து வருஷம் அடக்கி வைத்தது. என்ன ஒரு சிரிப்பு! பலகைச் சுவர் ஆடியது. பூனைக்குச் சொந்தக்காரன்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அவள் புருஷனும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தான். அப்புறம் அவன் சிரிப்பு மட்டும் நின்றது. சிகரெட்டைப் பற்றவைக்காமல் காதில் செருகிக்கொண்டு போனான்.

புதன்கிழமை காலை, என் வீட்டுக்காரர் லோரியில் காலை வைக்கும் முன்னால் அவன் வந்து நின்றான். கையில் சின்னப் புத்தகங்கள், ஐந்து வருஷத்தது. கயிறு போட்டுக் கட்டியிருந்தான்.

"அண்ணே, கொஞ்சம் பெரிய புத்தகத்த எடுங்க. இது யாரு பேர்ல இருக்கு?"

"ஒம் பேர்லதான்" என்றார் வீட்டுக்காரர்.

அவன் விரலை வைத்துப் படிக்கத் தொடங்கினான். கருவாடு, கருவாடு, கருவாடு. சின்னப் புத்தகத்தில் இருந்தது, பெரிய புத்தகத்தில் இல்லை. பெரிய புத்தகத்தில் வட்டம் இருந்தது. வீட்டுக்காரர் வட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

"பொய்க் கணக்கா எழுதுன?"

இப்போது நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது அவள் காசு, அவள் சேர்த்து வைத்தது என்று சொல்லலாம். சொன்னால் நான் பொய் எழுதினவள். பேனா போய்விடும். அப்புறம் ஓங்கின கை எதைப் பார்த்து இறங்கும்?

"பொய் என்னா பொய்? அவ காசு கட்டுனா, சாமான எடுத்துக்கிட்டுப் போவல. அப்புறம் வாங்கிக்கிறேன்னு சொன்னா. நான் வட்டம் போட்டு வெச்சேன். வழக்கந்தானே?" என்றேன்.

"அப்பச் சரி" என்றார் வீட்டுக்காரர். அவர் முகம் தெளிந்துவிட்டது. "காசாத் தர்ற பழக்கம் நம்மகிட்ட இல்ல. சாமானா எடுத்துக்கப்பா."

"சாமானாவே குடுங்க அண்ணே. என்னா எழுதியிருக்கோ அதக் குடுங்க."

மூட்டை முழுவதையும் கேட்டான். மேலே கொக்கியில் தொங்கின கட்டுகளையும் கேட்டான். அது முந்நூறுக்குக் காணவில்லை. மிச்சத்துக்குக் கறுப்பு பீரும் சிகரெட்டும். என் வீட்டுக்காரர் தானே மூட்டையைத் தூக்கி அவன் தோளில் வைத்தார். அடிமூட்டைக் கருவாடு, புழு வைக்கத் தொடங்கியிருந்தது. அது நல்ல விலைக்குப் போய்விட்டதென்று லோரியில் ஏறும்போது விசிலடித்தார்.

நான் பெரிய புத்தகத்தை எடுத்து வட்டத்தின் மேல் ஒரு கோடு போட்டேன். நேராகத்தான் வந்தது.

இரண்டு மணிக்கு அவள் வந்தாள். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, முகம் கழுவி, தலைவாரி, ஒரு துணிப்பையோடு வந்தாள். பணத்துக்குப் பை கொண்டுவந்தவளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேலே காலிக் கொக்கிகளைப் பார்த்தாள். மூட்டை இருந்த இடத்தைப் பார்த்தாள். சிமெண்டுத் தரையில் உப்பு மட்டும் சதுரமாக இருந்தது.

"வட்டத்த அழிச்சிட்டீங்களாக்கா?"

"ம்."

"காட்டுங்க."

திருப்பிக் காட்டினேன். கோட்டின் மேல் விரலை வைத்தாள். சுற்றவில்லை. பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் வாடை வந்துவிட்டது. மூன்றாவது லயத்திலிருந்து, தேயிலைச் சரிவைத் தாண்டி, என் செத்த மூக்குக்கே எட்டுகிற வாடை. லயத்து வாசலில் அடுப்பை வைத்து அவளைப் பொரிக்கச் சொல்லியிருக்கிறான். அங்கேயே அவளை உட்கார வைத்துத் தட்டில் குவித்திருக்கிறான். "தின்னுடி. அஞ்சு வருசத்து மீனு. ஒன் காசுதானே, தின்னு." ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்களாம். சோறு இல்லை, தண்ணீர் இல்லை. வாந்தி எடுத்தால் மறுபடி வைத்தானாம். அவள் மகள் தட்டைப் பிடுங்கப் போய் அடி வாங்கினாளாம். நான் போகவில்லை. கடையை மூட நேரமாகவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவள் படுத்துக்கிடந்தாள். திரிங்காப் மண் வேறு யாருக்கோ போயிற்று.

வெள்ளிக்கிழமை கொழுந்துக்குப் போனாள். அதற்குப் பிறகு பத்து வருஷம் அதே கடையில்தான் சாமான் வாங்கினாள், வேறு கடை இல்லையே. பில் எவ்வளவோ அவ்வளவு கட்டுவாள். ஐந்து காசு மிச்சம் என்றாலும் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். நான் எண்ணி வைக்கும் வரை கை இறங்காது. அக்கா என்று ஒரு நாளும் கூப்பிடவில்லை. கடக்காரம்மா என்றாள். நான் எதைச் சொன்னாலும் சிரிக்கவில்லை. முன்பும் சிரித்ததில்லை, ஆனால் அது வேறு.

கருவாடு பொரித்த அந்த வாரம் பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, என்ன நடந்தது, எதற்கு அவன் அப்படிச் செய்தான், அது என்ன முந்நூறு, உனக்குத்தானே தெரியும் என்று நச்சரித்தார்கள். நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னேன்:

"அது ஒண்ணுமில்லலா. அவளுக்குக் கருவாடுன்னா உசுரு. அஞ்சு வருசமா ஆசையச் சேத்து வெச்சா. ஒரே நாள்ல தின்னுட்டா."

குழாயடியே சிரித்தது. ஒருத்தியின் குடம் வழிந்து ஓடியது, அவள் கவனிக்கவே இல்லை.